குற்றும் தெரிய ஒரு எல்.ஈ.டி. பலகை

பரந்தன் பக்கத்து வாசிகசாலை ஒன்றுக்கு நாங்கள் முதலில் செய்த பலகையில் ‘கூட்டம்’ என்று அடித்தால் ‘கூடடம’ என்று ஓடியது. பலகையின் உயரம் 16 புள்ளி. கடையில் காட்டிய ஆங்கில எழுத்து அதில் வடிவாய்த்தான் இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் ஒன்றும் முளைக்காது. தமிழுக்கு மேலே விசிறி, கீழே வால், உச்சியில் குற்று. ஆகவே மொடியூல் வாங்க ஓடாமல், பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எடுங்கள்.

அதில் 32 கட்டம் உயரத்துக்கு ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதிப் பாருங்கள். சங்கக்கடை அறிவித்தலில் எப்படியும் வரப்போகும் சொல். மேல் 7 கட்டம் விசிறிக்கும் குற்றுக்கும், நடு 18 எழுத்தின் உடலுக்கு, கீழ் 7 வாலுக்கு. கோடு இரண்டு கட்டத் தடிப்பு. குற்றுக்கு நான்கு கட்டம். ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் அப்போதுதான் வேறுவேறாய்த் தெரியும்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பது பி10 மொடியூல். 10 என்றால் புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீற்றர். ஒன்று 32 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரம், 512 எல்.ஈ.டி. ஆறை வரிசையாக வைத்து, அதன் கீழ் இன்னோர் ஆறு: 12 மொடியூல், 192 செ.மீ. நீளம், 32 செ.மீ. உயரம். ஒரு நேரத்தில் ஆறேழு எழுத்துத்தான் நிற்கும், மிச்சம் ஓடவேண்டும். வெயிலுக்கு முகம் கொடுக்கும் பலகையென்றால் ‘அவுட்டோர்’ என்று கேட்டு, சிவப்பில் வாங்குங்கள். பல நிறம் கலியாண வீட்டுக்குச் சரி.

மின்சாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லாப் புள்ளியும் எரிந்தால் ஒரு மொடியூல் 5 வோல்ற்றில் ஏறக்குறைய 4 அம்பியர் இழுக்கும். பன்னிரண்டுக்கும் 48 அம்பியர். 5 வோல்ற், 40 அம்பியர் பவர் சப்ளை இரண்டு போட்டு, ஆளுக்கு ஆறு மொடியூல் பிரித்துக் கொடுங்கள். இரண்டின் மைனசையும் சேர்க்கலாம். பிளசைச் சேர்க்கவே கூடாது. நாங்கள் முதல் தடவை ஒரே வயரை மொடியூலுக்கு மொடியூல் தாவவிட்டோம். கடைசி மொடியூல் மங்கலாய் எரிந்தது. அது பழுது என்று கழற்றி வேறொன்று மாட்ட, அதுவும் மங்கல். பிழை வயரில். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 20 அம்பியர் 2 மீற்றர் தூரம் போய்த் திரும்பினால், அரை வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். இரண்டு மொடியூலுக்கு ஒரு சோடி வயர் என்று தனித்தனியாக இழுங்கள். எல்லாவற்றையும் எரியவிட்டுக் கடைசி மொடியூலில் மல்ரிமீற்றரை வையுங்கள்.

தட்டை றிபன் வயர் சுலபம். மொடியூலின் முதுகில் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கட்டும். மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என இரண்டு வாய் உள்ள கொன்ரோல் காட் வேண்டும்.

இனி எழுத்து. சில மென்பொருள்களுக்கு யூனிகோட் தமிழைக் கோர்க்கத் தெரியாது. ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகக்காரர்கள் இன்னும் கைவிடாத பாமினி எழுத்துரு இங்கே கைகொடுக்கும். அதில் கொம்பு, அரவு எல்லாம் தனித்தனி எழுத்தாகவே அடிக்கப்படுவதால் மென்பொருள் குழம்ப இடமில்லை. அதுவும் சரிவராவிட்டால், பெயின்ற்றில் 32 புள்ளி உயரக் கறுப்பு வெள்ளைப் படமாக எழுதி ஏற்றுங்கள். குற்றுகளை நான் இப்போதும் கையால்தான் வைக்கிறேன்.

பெட்டிக்கு ஓரங்குல அலுமினியக் குழாய்ச் சட்டம், பின்னால் தகடு. அவுட்டோர் மொடியூலின் முகம் மழை தாங்கும், முதுகு தாங்காது. விளிம்பெல்லாம் சிலிக்கன் பூசுங்கள். காற்றுத் துளைகள் அடிப்பக்கம் மட்டும், அதற்கும் நுளம்புவலை. வலை போடாத எங்கள் பெட்டிக்குள் பல்லி ஒன்று குளிர்காயப் போய், தன்னோடு ஒரு பவர் சப்ளையையும் கொண்டுபோய்விட்டது. உள்ளே வரும் வயரை வாசலுக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வாடைக்கால மழை வயர் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். முல்லைத்தீவுக் கரைப்பக்கமென்றால் துருவேறாத திருகாணிதான்.

230 வோல்ற் வேலையை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சட்டத்துக்கு எர்த், லைனுக்கு ரிப் சுவிச் கட்டாயம். ஏ9 வீதியைப் பார்த்து வைப்பதாயின் பிரதேச சபையிடம் முதலே கேளுங்கள். இரவில் வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறையுங்கள். முழு வெளிச்சம் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

ஏற்றிய அன்று பின்னேரம் தெருவைக் கடந்து நாற்பது மீற்றர் தள்ளிப் போய், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். எங்கள் இரண்டாவது பலகையைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெடியன் “மண்ணெண்ணெய் வந்துள்ளது” என்று ஒரு தடக்கலில்லாமல் வாசித்தான். வாசித்துவிட்டு, வீட்டுக்குச் சொல்ல ஓடினான். அது வெறும் சோதனை எழுத்து என்று அவன் தாய்க்கு விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது.