கோட்டையூரிலிருந்து சென்னைக்கு: கார் இல்லாமல் இரண்டு நாள்

போகும்போது காரைக்குடியில் இரவு ரயில், சென்னை சேர்ந்த மறுநாள் திரும்பப் பிற்பகல் பல்லவன் எக்ஸ்பிரஸ். இப்படிப் போனால் ஒன்றரை நாள் முழுசாகக் கையில் நிற்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். ரயில் நிற்பது எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டில் பாருங்கள். பையைப் பூட்டி எடுத்துப் போங்கள். பூட்டாத பையை நிலையப் பொருள் காப்பறையில் வாங்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று எழும்பூர் அருங்காட்சியகம் விடுமுறை. எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். திருவெண்காட்டு அர்த்தநாரி வெண்கலச் சிலையை அவசரமில்லாமல் பாருங்கள்: சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒன்றே ஒன்று.

அடுத்து, எழும்பூரில் மின்சார ரயில் ஏறிப் பார்க்கில் இறங்கி, பக்கத்திலுள்ள பார்க் டவுனில் வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். மயிலாப்பூருக்குத் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள். கபாலீசுவரர் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும், மாலையில் போங்கள்.

அதே தடத்தில்தான் தரமணி. நம்ம ஊர் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் 1994-ல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகமாக இப்போது அங்கே இருக்கின்றன. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கோட்டையூர்க்காரர் ஒருமுறையாவது பார்த்தே ஆகவேண்டிய இடம்.

ஊருக்குள் பேருந்தில் போவதானால், பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம்.

பல்லவன் காரைக்குடி வர இரவு பத்தைத் தாண்டும். அந்நேரத்தில் டவுன் பஸ்ஸை நம்பாமல், தெரிந்த ஆட்டோக்காரரிடம் கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்.