மரங்கொத்தியும் மனைமரமும்

தருமபுரி மாவட்டத்துத் தோப்புகளில் பொன்முதுகு மரங்கொத்தியைக் காணலாம். செந்நிறக் கொண்டை உடைய அப்பறவை, விறைத்த வாலை ஊன்றுகோலாகக் கொண்டு மரத்தில் செங்குத்தாக ஏறும்.

இம்மாவட்டத்து வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் மண்ணாலும் கல்லாலும் செங்கல்லாலும் ஆயவை. ஆதலின் அப்பறவை கொத்தக்கூடியவை மரத்தூணும் கைமரமுமே. பலகைச் சுவர்கள் மிகுந்த வட அமெரிக்காவிலோ அதன் இனத்தால் விளையும் தொல்லை பெரிது. வீடு மட்டுமோ! 1995ஆம் ஆண்டு புளோரிடாவில் ஏவுமேடையில் நின்ற டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் எரிபொருள் தொட்டியைப் போர்த்திய நுரைக்காப்பில் மரங்கொத்திகள் ஏறத்தாழ 200 துளைகள் இட்டன. அதனால் பயணமே ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் அங்கே பொய் ஆந்தைகளை நிறுத்தினர்.

மரங்கொத்தியைத் தடுக்க விரும்புவோர் முதலில் துளையை நோக்குதல் வேண்டும். சிறு துளைகள் ஒழுங்கின்றிக் காணப்படின், மரத்தினுள் புழுவோ எறும்போ உண்டு என ஐயுறலாம். அம்மரத்தைச் செப்பனிடாது பறவையை மட்டும் விரட்டுவது வீண்வேலை; அது மீண்டும் வரும். மரத்தில் துளையே இன்றி முரசு போன்ற விரைந்த ஒலி மட்டும் கேட்பின், அது தன் எல்லையை அறிவிக்கின்றது என்க. அவ்விடத்தில் காற்றில் அசையும் பளபளப்பான தகட்டுத் துண்டுகளைத் தொங்கவிடலாம், வலையும் கட்டலாம். ஒரே பொருள் நெடுநாள் தொங்கினால் பறவை அதற்குப் பழகிவிடும்.

வட்டமான பெருந்துளையாயின் அது கூடாகலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கின்றது. எனவே கண்ணி வைத்தலும் கவண் எறிதலும் ஆகா. உள்ளே குஞ்சுகள் இருப்பின், அவை பறந்து செல்லும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே துளையை மரத்துண்டால் அடைத்தல் வேண்டும்.