கல்லூரி உயிரியலைப் பள்ளியிலேயே படிக்கலாமா?

ஜனவரி, பிப்ரவரி வந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடத்தேர்வு தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு எந்தெந்தப் பாடம் படிக்கப் போகிறோம் என்று பிள்ளைகள் கவுன்சிலரிடம் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் சொல்வதாகப் பெயர். டல்லாஸ் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் முடிவு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் எடுக்கப்படுகிறது. "எங்க பொண்ணு காலேஜ் பயாலஜியை சம்மர்லயே முடிச்சிட்டா" என்று ஒருவர் போட்டால் போதும். அந்த வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் நாலு பேர் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, நீங்கதானே காலேஜ்ல லேப் எடுக்கிறீங்க? எங்க பையனையும் சேத்துவிடலாமா?"

பையனுக்கு உயிரியல் பிடிக்குமா என்று கேட்டால் நேரான பதில் வராது. ஊரில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்து, டாக்டர் சீட் கிடைக்காமல் இன்ஜினியரிங் போன அப்பா அந்தப் பழைய கணக்கை மகனை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார். சில வீடுகளில் அந்த ஆசைகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். கம்யூனிட்டி காலேஜ் லேபில் நின்று இப்படி வந்து சேரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வழிகள் எல்லாமே நல்லவைதான். ஆள் மாறி ஏறிவிடுகிறார்கள்.

என்னென்ன வழிகள்

கல்லூரி முதலாண்டு உயிரியலுக்கான கிரெடிட்டைப் பள்ளியிலேயே பெற மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: காலேஜ் போர்டின் ஏபி பயாலஜி, ஐபி டிப்ளமாவின் ஹையர் லெவல் பயாலஜி, கம்யூனிட்டி காலேஜ் வழியாக எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் டூயல் கிரெடிட். கிளெப் என்று 90 நிமிடத்தில் 115 கேள்விகள் கொண்ட தேர்வு ஒன்றும் உண்டு. அதில் லேப் கிடையாது என்பதால் அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

கிரெடிட்டே தராத சாதாரண உயிரியலோ ஆனர்ஸ் உயிரியலோ நான்காவது வழி. இதை யாரும் வழியாகவே மதிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். டெக்சாஸில் மாநில அரசின் ஸ்டார் பயாலஜி தேர்வுக்கு எப்படியும் தயாராக வேண்டும். அந்த ஓராண்டில் செல், மரபு, பரிணாமம், சூழல் என்று எல்லாவற்றையும் அவசரமில்லாமல் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

ஏபி பயாலஜி: கெமிஸ்ட்ரிக்குப் பிறகு

ஏபி என்றதும் பெற்றோர் மனதில் வருவது தடித்த புத்தகமும் மனப்பாடமும். 2012-13 கல்வியாண்டில் பாடத்திட்டத்தை மாற்றியபோதே மனப்பாடச் சுமையைக் கணிசமாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது எட்டு அலகுகள். நீரின் வேதியியலில் தொடங்கி சூழலியலில் முடியும். வகுப்பு நேரத்தில் கால்பங்கு லேபுக்குப் போக வேண்டும். மே மாதத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 60 கொள்குறி வினாக்கள், இன்னொரு 90 நிமிடத்துக்கு எழுதி விடையளிக்கும் 6 வினாக்கள். இரண்டுக்கும் சரிபாதி மதிப்பெண். 

கேள்விகளின் தன்மையைப் பெற்றோர் ஒருமுறை பார்ப்பது நல்லது. "மைட்டோகாண்ட்ரியாவின் பாகங்களைக் குறி" என்று கேட்க மாட்டார்கள். ஒரு சோதனையை விவரித்து, வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பிழைப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஆகவே இரண்டு குழுக்களுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா என்று கேட்பார்கள். கை-ஸ்கொயர் கணக்கில் 3.84 என்ற எல்லையைத் தாண்டினால் என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். உருளைக்கிழங்குத் துண்டை அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் போட்டால் எடை ஏன் குறைகிறது என்பதை நீரியல் திறன் (வாட்டர் பொட்டன்ஷியல்) கணக்கோடு விளக்கச் சொல்வார்கள். இதற்குக் கெமிஸ்ட்ரி தெரிந்திருக்க வேண்டும், கணக்கு கை வந்திருக்க வேண்டும், வாக்கியம் எழுத வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு உயிரியலும் பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரியும் முடித்துவிட்டுப் பதினொன்றில் எடுப்பவருக்கு இது சுகமான பாடம். பெருமைக்காக ஒன்பதிலேயே எடுப்பவருக்கு இரவெல்லாம் கண்விழிப்பு.

ஏபியில் ஒரு பாதுகாப்பும் உண்டு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 2 வந்துவிட்டால் அதைக் கல்லூரிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் 5 வந்தாலும் எங்கும் ஒரே மரியாதை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 வாங்கினாலே 8 குவார்ட்டர் யூனிட் தருகிறது. அதை மேஜர் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதா என்பதை வளாகமும் துறையும் முடிவு செய்யும். டார்ட்மத் கல்லூரியோ 2018-இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்து ஏபிக்குப் பட்டப்படிப்புக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. 

ஐபி: பள்ளியில் இருந்தால் மட்டும்

ஐபி ஹையர் லெவல் பயாலஜி 2 ஆண்டுகள், 240 மணி நேரம். மாணவரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்து எழுதும் அறிக்கைக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு. பொறுமையாக எழுதக்கூடிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் முழு டிப்ளமா என்றால் இதோடு இன்னும் 5 பாடங்கள், 4000 சொல் கட்டுரை எல்லாம் வரும். பள்ளியில் ஐபி இல்லையென்றால் அதற்காக வீடு மாற்றிப் போக வேண்டியதில்லை.

டூயல் கிரெடிட்: நல்ல பாதியும் மற்ற பாதியும்

இதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சம்பளம் வாங்குவதே இந்த வழியில் வரும் பிள்ளைகளால்தான். ஆகவே பொறாமையில் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

முழு செமஸ்டர், வகுப்பறை, நேரடி லேப் என்று எடுத்தால் இது அருமையான வழி. கிரெடிட் ஒரே நாள் தேர்வைப் பொறுத்தது அல்ல. செலவு குறைவு, பல மாவட்டங்களில் அறவே இல்லை. மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோவது சுலபம். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, பணம் பார்த்துப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு, இதையே முதலில் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பில் இப்படி வந்து, கல்லூரி மாணவர்களோடு தோளோடு தோள் நின்று லேப் செய்த பிள்ளைகள் எங்கள் மேசைகளில் நன்றாகவே தேறியிருக்கிறார்கள்.

மோகம் எல்லாம் மற்ற பாதி மேல்தான்: சம்மரில், ஆன்லைனில், ஐந்து வாரத்தில் முடிக்கும் பாடம். டெக்சாஸில் அறிவியல் மாணவருக்கான முதல் உயிரியல் பாடத்தின் எண் 1406. விரிவுரையும் லேபும் சேர்ந்து ஏறக்குறைய 96 மணி நேரம். 16 வாரத்தில் பரவ வேண்டியதை 5 வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்புக்கே போய்விடும். படிக்கும் நேரம் தனி. ஒளிச்சேர்க்கையை ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி வியாழக்கிழமை தேர்வு எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அது நினைவிலும் இருக்காது. நுனிப்புல் மேய்வதற்குக்கூட நேரம் போதாது.

லேப் என்ன ஆகிறது என்று கேளுங்கள். பல பாடங்களில் அது திரையில் நடக்கும் விளையாட்டு: பிப்பெட்டைச் சுட்டியால் இழுத்துக் குழாயில் விட்டால் நிறம் மாறும். இப்படி ஆன்லைனில் ஏ கிரேடு வாங்கிய மாணவி ஒருத்தி அடுத்த பாடமான 1407-க்கு என் லேபுக்கு வந்தாள். இலையின் குறுக்குவெட்டு ஸ்லைடு. 40எக்ஸ் லென்ஸை இறக்கி வைத்துக்கொண்டு, நுண்திருகைத் தொடாமல் பெரிய திருகைத் திருப்பினாள். லென்ஸ் இறங்கிக் கவர்ஸ்லிப் விரிசல் விட்டது. அது யாருக்கும் நடப்பதுதான். வேறு ஸ்லைடு வைத்து, தெரிவதை வரையச் சொன்னேன். கண்ணை ஐபீஸில் வைத்து எடுத்தாள். பிறகு தாளில் பாடப்புத்தகத்தில் உள்ள படத்தை அப்படியே வரைந்தாள். வரிசை பிசகாத செல்கள், திறந்த இலைத்துளை, எல்லாம் இருந்தன. எங்கள் ஸ்லைடில் அந்த இடத்தில் இலைத்துளையே இல்லை. கெட்டிக்காரப் பெண். கண்ணால் பார்த்ததை நம்ப அவளை யாரும் பழக்கவில்லை.

இரண்டாவது சிக்கல் எண்ணில் இருக்கிறது. 1406, 1407 அறிவியல் மாணவருக்கு. 1408, 1409 மற்றவர்களுக்கு. அவசரத்தில் "பயாலஜி, சீட் இருக்கு" என்று பார்த்து 1408-இல் சேர்ந்துவிட்டு, பிறகு மேஜருக்குச் செல்லாது என்று தெரிந்து மறுபடி முதலிலிருந்து படிப்பவர்கள் உண்டு. ஐந்து வாரம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு செமஸ்டரைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, பெரியது. டூயல் கிரெடிட்டில் வரும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏறிவிடும். ஏபி மதிப்பெண்போல அதை மறைத்து வைக்க வழியில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில், பள்ளி நாளில் எடுத்தவை உட்பட ஒவ்வொரு கல்லூரிப் பாடத்தையும் காட்டியாக வேண்டும். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய சி கணக்கில் சேரும். பாதியில் விலகினால் அந்த டபிள்யூவும் தெரியும். டாக்டராக வேண்டும் என்பதற்காகவே பதினைந்து வயதில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடுகிறோம்; டாக்டர் விண்ணப்பத்திலேயே அது முள்ளாய் நிற்கிறது. 

ஏ வாங்கினாலும் லாபம் நினைத்த அளவு இல்லை. பல மருத்துவக் கல்லூரிகள் லேபோடு கூடிய ஓராண்டு உயிரியல் கேட்கின்றன. ஏபி மட்டும் போதாது, மேல்நிலைப் பாடம் எடு என்கின்றன சில. ஆன்லைன் லேபை ஏற்காதவையும் உண்டு. பள்ளி டிப்ளமாவுக்கு எண்ணப்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் தராத தனியார் கல்லூரிகளும் நிறைய. ஆக, பையன் கல்லூரியில் மறுபடி உயிரியல் எடுக்கத்தான் போகிறான். அப்படியிருக்கச் சம்மரில் என்ன முடிந்தது?

சுருக்கமாக யாருக்கு எது

ஒன்பதாம் வகுப்பு: சாதாரண அல்லது ஆனர்ஸ் உயிரியல். பத்தாம் வகுப்பு: கெமிஸ்ட்ரி. பதினொன்று, பன்னிரண்டில் உயிரியல் உண்மையிலேயே பிடித்திருந்தால் ஏபி. பள்ளியில் நல்ல ஐபி ஆசிரியர் இருந்தால் ஐபி. மாநிலத்துக்குள்ளேயே படிக்கப் போகிறார், செலவு முக்கியம் என்றால் வகுப்பறையில் நடக்கும் 1406. எதை எடுத்தாலும் கவுன்சிலரிடம் பாட எண்ணையும், போக நினைக்கும் கல்லூரியின் கிரெடிட் பட்டியலையும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். 

உயிரியலில் தீவிரமாக இருக்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்வேன்: இரண்டாவது உயிரியல் பாடத்துக்குப் பதில் ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுங்கள். இன்று லேபில் பாதி வேலை எண்களோடுதான். சம்மர் சும்மா போகிறதே என்று தவிக்கும் பெற்றோர், பிள்ளைக்கு ஒரு பெரிய நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடியில் எந்தக் கொழுந்து எந்த நாளில் விட்டது, எந்தப் புழு வந்தது என்று வரைந்து எழுதட்டும். அதற்குக் கிரெடிட் கிடைக்காது; பார்க்கும் பழக்கம் வரும். உயிரியல் பிடிக்காத பிள்ளையை விட்டுவிடுங்கள். இயற்பியலோ இசையோ கோடிங்கோ எதுவோ, விருப்பம் உள்ள இடத்தில் உழைப்பு தானாக வரும்.

முன்னால் ஓடினால்தான் ஆச்சு என்பவர்களுக்கு வெங்கி ராமகிருஷ்ணனைச் சொல்வேன். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர். பரோடாவில் இயற்பியல் படித்து, அமெரிக்காவில் 1976-இல் இயற்பியலிலேயே முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் சான் டியாகோவில் மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியலைப் படிக்கத் தொடங்கினார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு உயிரியலைத் தொடங்கியவருக்கே காலம் கடந்துவிடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்?

பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எத்தனை ஏபி, எத்தனை கிரெடிட் என்ற கணக்கு கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தோடு மறந்துபோகும். ஒரு பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பழக்கம்தான் அடுத்த பாடத்துக்குக் கை கொடுக்கும். இந்த ஆண்டு படிவத்தை நிரப்பும் முன் பிள்ளையை உட்கார வைத்து, "உனக்கு இதுல என்ன பிடிக்குது?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். தயங்கினால் ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். பாடம் அடுத்த ஆண்டும் இருக்கும்.