ஸ்லைடிங் ஜன்னலும் குளிர்காற்றும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்லைடிங் ஜன்னலை இறுகச் சாத்தியும் அறைக்குள் சில்லென்று காற்று வந்தால், கண்ணாடி மெலிது என்றும் இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்றும் பலர் நம்புகிறார்கள். கண்ணாடி வழியே வெப்பம் கடக்குமே தவிர காற்று கடக்காது. உள்ளும் வெளியும் 1 டிகிரி வேறுபட்டால், ஒற்றைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 5.7 வாட் வெப்பம் கடக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அதில் ஏறத்தாழப் பாதி. உறைபனி விழும் நாடுகளில் இது பெரிய மிச்சம். வெள்ளகோவில் போன்ற நம் ஊர்களில் மார்கழி விடியலில்கூட அந்த வேறுபாடு சில டிகிரிதான். இங்கே உடம்பு உணர்வது இடுக்கில் புகுந்து வரும் காற்றை.

அந்தக் காற்று மார்கழியோடு நிற்பதுமில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்தில் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் ஜன்னல் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே ஆனி, ஆடியில் மேற்குப் பக்க ஜன்னல்களும், வாடை வீசும் மார்கழி, தையில் வடக்கு, வடகிழக்கு ஜன்னல்களும்தான் கவனிக்க வேண்டியவை. வீடு முழுவதற்கும் செலவழிப்பது வீண்.

யுபிவிசி ஜன்னலில் இடுக்கே இராது என்பதும் தவறு. எந்தப் பொருளில் செய்தாலும், நகரும் கதவுக்கும் டிராக்குக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும். அதை அடைப்பது, கடைகளில் ஊல்பைல் எனப்படும் மயிர்ப்பட்டை. வெளிப்புறம் திறக்கும் ஜன்னலில் ரப்பர் நசுங்கி இறுகும். ஸ்லைடிங் ஜன்னலில் அந்த வசதி இல்லை. ஊல்பைல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பதும் பிழை. உரசி உரசி மயிர் படிந்துவிடும். விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி அப்பிக்கொண்டு இன்னும் சீக்கிரம் கெடும். பழைய பட்டையில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய், அடிப்பட்டை அகலமும் மயிர் உயரமும் பொருந்துவதாக வாங்க வேண்டும். உயரம் குறைந்தால் காற்று வரும். கூடினால் கதவு நகராது.

மாற்றுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலையை ஒதுக்கி, எரியும் ஊதுபத்தியை ஓரங்களில் மெல்ல நகர்த்தினால் புகை அலையும் இடம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது இரு கதவுகளும் நடுவில் சந்திக்கும் இடமாகவோ, ரோலர் தேய்ந்து கதவு சாய்ந்ததால் ஓரத்தில் விழுந்த முக்கோண இடுக்காகவோ இருக்கும். முன்னதற்குப் புதுப் பட்டை. பின்னதற்குப் பெரும்பாலும் ரோலர் திருகைச் சரிசெய்தாலே போதும்.

இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசினால் தீரும் என்பார்கள். சிலிக்கானுக்கு உரிய இடம் சட்டமும் சுவரும் சேரும் கோடு மட்டுமே. கீழ் டிராக்கின் வெளிப்புறத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அவை மழைநீர் வடியும் வழிகள்; அடைத்தால் ஐப்பசி மழையில் நீர் தேங்கி அறைக்குள் வழியும்.

சமையலறையில் மட்டும் இறுக்கம் கூடாது. கேஸ் அடுப்பு எரியக் காற்று வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே அங்கே தாழ்வான காற்றுவழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும்.