தங்கச்சி, முதல் ஸ்கூபாவை இரண்டு பயணமாகப் போடு

சிப்பாடான் ஆமைப் படங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த லீவில் சபாவுக்குப் போயே தீருவேன் என்கிறாய். நல்ல ஆசை. தோட்டத்தில் பிறந்து ஈப்போவில் வேலை செய்யும் நம் பெண்கள் கடலுக்கு அடியில் போவது சாதாரணமாக வேண்டும் என்பது அக்காவின் ஆசையும்கூட. ஆனால் முதல் பயணத்தையே அவ்வளவு தூரத்துக்கு வைக்காதே. கற்றுக்கொள்ள ஒன்று, பார்த்து அனுபவிக்க ஒன்று என்று பிரித்துக்கொள். முதலில் பெர்ஹெந்தியான் தீவு, அப்புறம் சபாவின் செம்பூர்ணா.

ஏன் என்று கேள். சிப்பாடான், கடல் தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் எழும்பி நிற்கும் தீவு. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும்; நீரோட்டமும் இழுக்கும். 2004ஆம் ஆண்டு முடிவோடு அங்கிருந்த விடுதிகளை அரசாங்கம் அகற்றிவிட்டது. மாபுல் தீவிலோ செம்பூர்ணா டவுனிலோ தங்கி, சபா பார்க்ஸ் தரும் அனுமதியோடு படகில்தான் போகலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. தொடக்கநிலை ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் மட்டும் போதாது, அதற்கு அடுத்த ‘அட்வான்ஸ்ட்’ கேட்கிறார்கள். நீ முழு லீவையும் மாபுலில் முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றப் பழகுவதில் கழித்துவிட்டு, சிப்பாடானைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு திரும்பி வருவாய். அந்தப் பயிற்சியைப் பெர்ஹெந்தியானில் குறைந்த செலவில் முடித்துவிடலாம். குவாலா பெசுட் ஜெட்டியிலிருந்து படகு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். மூன்று நான்கு நாளில் ஓப்பன் வாட்டர் பாடம் முடிந்தால் 18 மீட்டர் வரை இறங்கும் தகுதி கிடைக்கும். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது; சிப்பாடானுக்கு முன் ‘அட்வான்ஸ்ட்’டையும் முடித்துக்கொள். உனக்கே இது பிடிக்குமா என்று சந்தேகமாக இருந்தால், பயிற்றுநர் கூடவே வந்து 12 மீட்டருக்குள் ஒருமுறை இறக்கிக் காட்டும் ‘டிஸ்கவர் ஸ்கூபா’வில் தொடங்கு.

நாள் பார்ப்பதில் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெர்ஹெந்தியான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆகவே தீபாவளி லீவையும் தைப்பூச லீவையும் நம்பித் திட்டம் போடாதே. மே முதல் ஆகஸ்ட் வரை, பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து லீவு எழுதிக் கொடு. செம்பூர்ணாவில் வருடம் முழுக்க இறங்கலாம். சிப்பாடானை மட்டும் நவம்பரில் மூடுவது உண்டு, முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பார். பயிற்சி நிலையம் ஓர் உடல்நலப் படிவம் தரும். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, இதயக் கோளாறு, நீரிழிவு என்று அதில் கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேட்கலாம். நம் குடும்பங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எவ்வளவு சகஜம் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். படிவத்தை முன்னாலேயே கேட்டு வாங்கி, ஈப்போவிலேயே கையெழுத்து வாங்கிவிடு. கர்ப்பமாக இருந்தால் இறங்கவே கூடாது. மாதவிலக்கு ஒரு தடையே இல்லை.

அடுத்தது நீச்சல். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குட்டைகள் பிள்ளைகளை விழுங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் அம்மாக்கள். தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் நம்மில் பலருக்கு நீச்சல் வரவில்லை. ஓப்பன் வாட்டருக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்கமாட்டார்கள், பதறாமல் இருக்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று மாதம் பொது நீச்சல் குளத்துக்குப் போனால் வந்துவிடும். கை கால் மூடிய நீச்சல் உடை எங்கும் கிடைக்கிறது. உடையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதே.

பயிற்றுநர் பலதும் சொல்லித் தருவார். அதில் ஒன்றை இப்போதே மனதில் எழுதிக்கொள்: தண்ணீருக்கு அடியில் மூச்சைப் பிடித்து வைக்காதே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். உள்ளே இழு, வெளியே விடு, நிறுத்தாதே. இறங்கும்போது காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊது. சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதே, எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியாகக் கேள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? எட்டுப் பேர் வரை விதி இடம் கொடுத்தாலும் நான்குக்குள் இருந்தால் நல்லது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? நாம் கீழே இருக்கும் நேரமெல்லாம் படகு அங்கேயே நிற்குமா? ஆளுக்கு ஒரு விசிலும், ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும் தருவார்களா? 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில், தொக்கோங் சங்கோல் தீவருகே பயிற்சிக்கு இறங்கிய நான்கு பேர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை அடித்துக்கொண்டு போனது. மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். நீ கேட்கும் கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையில் பணம் கட்டாதே.

சொந்தமாக வாங்குவதென்றால் முகத்துக்குப் பொருந்தும் முகமூடி ஒன்று போதும், மற்றதை வாடகைக்கு எடு. கண்ணாடி போடுபவள் நீ, பவர் வைத்த முகமூடியே கிடைக்கிறது. அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், முகமூடியின் பட்டை வழுக்கும். இறுகப் பின்னிக்கொள். மூக்குத்தியைக் கழற்றிவிடு, மூக்கைப் பிடித்து ஊதும்போது குத்தும். நகையெல்லாம் வீட்டில் இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனமில்லாத தோழி கூட வந்தால், ரப்பர் உடைக்குள் போட்டு ஜிப்பை மேல்வரை இழுத்துவிடச் சொல். அவள் கணவருக்கு மீசை இருந்தால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும், கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு வரட்டும்.

செம்பூர்ணாவுக்குப் போகும்போது காலை விமானமாகப் பிடி. கேஎல்ஐஏவிலிருந்து தாவாவ் மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட, அங்கிருந்து செம்பூர்ணா சாலைவழி ஒன்றரை மணி நேரம். சபாவின் கிழக்குக் கரையில் நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே இருட்டிவிடும். 2000ஆம் ஆண்டு சிப்பாடானில் நடந்த ஆள் கடத்தலும் அதன் பின் நடந்தவையும் நினைவிருக்கும். 2014 முதல் அந்தக் கடலில் இரவு ஊரடங்கு போட்டு, அதை நீட்டித்து வந்திருக்கிறார்கள். பிற்பகலில் படகு ஏறும்படி திட்டமிடு. நாம் மலேசியர் என்றாலும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு, மைகாட் அல்லது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், சீட்டு கொடுத்தால் திரும்பும்வரை பத்திரம். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடு. பெலாச்சானும் நெத்திலியும் கீரைக்குள்ளும் இருக்கும்.

அங்கே சிறு படகில் பஜாவ் லாவுட் பிள்ளைகள் வருவார்கள். பலருக்கு எந்த நாட்டு அடையாள அட்டையும் இல்லை. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த தாத்தா பாட்டிகள் நம் தோட்டங்களிலும் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுக்காதே.

இனி யாரும் உனக்குச் சொல்லாத ஒன்று. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும், வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் குமிழியாகிவிடும். அதனால்தான் ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ இறங்கினால் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதே என்கிறார்கள். சபாவுக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் இந்த எச்சரிக்கை 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைச் சாலைக்கும் பொருந்தும். குவாலா பெசுட்டிலிருந்து ஈப்போவுக்கு வரும் வழியை நினைத்துப் பார். ஜெலி, கிரிக் வழியாக வந்தால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை தித்திவங்சா மலையில் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிறது. குவா மூசாங், கேமரன் மலை, சிம்பாங் பூலாய் என்று வந்தால் அதைவிட உயரம். காலையில் கடலில் இறங்கிவிட்டு மத்தியானமே கார் ஏறுவது ஆபத்து. கடைசி நாள் முழுவதையும் கரையில் கழி; 24 மணி நேரம் விட்டால் மனம் நிம்மதி. மறுநாள் பகலில் புறப்படு, இரவில் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானை நிற்கும். சபாவில் கினபாலு மலையும் ஏறப் போகிறாய் என்றால் மலையை முதலில் ஏறு, கடலில் பிறகு இறங்கு.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. சேராவிட்டால் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (டான்) அமைப்பின் முக்குளிப்போர் காப்பீடு எடு. திரும்பி வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், வழக்கமில்லாத சோர்வு வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதே. உடனே அவசரப் பிரிவுக்குப் போ. நைட்ரஜன் குமிழிக் கோளாறுக்கான அழுத்த அறைச் சிகிச்சை நம் பேராவிலேயே, லுமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் இருக்கிறது. நீ சொல்லாமல் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வராது. கடலில் இறங்கினேன், எத்தனை மீட்டர், எப்போது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்.