மின்சாரம் திரும்பும் வழி

இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் கூடவே மங்கித் துடிக்கும். பிரேக்கை மிதித்தால் இரண்டும் அடங்கிப்போகும். பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. பலர் உடனே புது பிளாஷர் வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் தீராவிட்டால் சுவிட்சை மாற்றுகிறார்கள். கழற்றிப்போட்ட இரண்டும் பெரும்பாலும் நல்ல பொருட்களாகவே இருக்கும். பல்பு வரை மின்சாரம் ஒழுங்காகத்தான் வருகிறது. பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் துருவேறிக் கிடப்பதால், பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. விளக்கைக் கழற்றி, அது பாடியில் உட்காரும் இடத்தையும் கறுப்பு ஒயரின் முனையையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கினால், செலவில்லாமல் வேலை முடிந்துவிடும்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. மின்சாதனங்கள் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. 1961-இல் டிவிஎஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையின் பாடி பகுதிக்கு வந்ததும் இதே லூகாஸ்தான். பழைய ஆங்கிலேயக் காரில் விளக்கு அணைந்தால் லூகாஸைத் திட்டுவது உலக வழக்கம். அது நியாயமில்லை என்பதே என் கருத்து. அரை நூற்றாண்டு ஈரமும் அதிர்வும் பட்ட இணைப்புகளில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

அந்த இணைப்புகள் பித்தளையில் செய்த ‘புல்லட்’ முனைகள். ரப்பர் உறைக்குள் இருக்கும் சின்னக் குழாயில் இரு பக்கமும் செருகியிருப்பார்கள். ரப்பர் வெடித்ததும் தண்ணீர் இறங்கி, பித்தளையில் களிம்பு ஏறும். முன் கிரில்லுக்குப் பின்னால், மழையும் சேறும் அடிக்கும் இடத்தில் இருப்பவை முதலில் கெடும். வெளியே இழுத்துச் சுத்தம் செய்வதோடு, உறையையும் குழாயையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. விலை அற்பம்.

எதையும் கழற்றுமுன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். எரியாத விளக்கில் வோல்ட் பார்த்தால் போதாது. களிம்பேறிய இணைப்பும் பாரம் இல்லாதபோது 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ தடை. இப்படி எர்த் பக்கமும் சப்ளை பக்கமும் சேர்ந்து மொத்த வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு போனாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆரம்பகால எம்ஜிபியில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. முன்பக்கம் ரிலே போட்டு, பியூஸ் வைத்த தடித்த ஒயரில் நேராக சப்ளை கொடுத்தால் இரவுப் பயணமே மாறிவிடும்.

எர்த் கோளாறுகளில் ஆபத்தானது என்ஜினுடையது. என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் பாடியையும் ஒரு பின்னல் பட்டை இணைக்கிறது. கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர் அதைத் திரும்பப் பூட்ட மறந்தால்? செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்சாரம், கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு திரும்பும். அப்படி ஒரு காரில் சோக் கேபிளைத் தொட முடியாதபடி சுட்டதைப் பார்த்திருக்கிறேன். அதன் உரிமையாளர் அதுவரை செல்ஃப் மோட்டாரைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

ஒயர்களின் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்வது பாதி வேலையைக் குறைக்கும். பழுப்பு, பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது, எப்போதும் உயிரோடிருப்பது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் வருவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸைத் தாண்டிய பிறகு. ஊதா, பியூஸோடு எப்போதும் வருவது. கறுப்பு, எர்த். டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடுமுன் பேட்டரியைக் கழற்றியே ஆகவேண்டும். பழுப்பு ஒயர் பாடியில் உரசினால் தடுக்க எதுவும் கிடையாது, ஒயரிங் முழுக்க எரிந்துவிடும். ரேடியோவுக்கு அதில் ஒட்டுப்போடுவது கொடுமை.

கண்ணாடி பியூஸில் 35 என்று அச்சிட்டிருப்பதும் கவனிக்க வேண்டியது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 ஆம்பியர்தான். தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கும் வேறு நாட்டு 35 ஆம்பியர் பியூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும்.

பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒன்றாகத் தவறு காட்டினால், டேங்கைத் தொடாமல் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் பார்ப்பது நல்லது.

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், வருடத்தை மட்டும் நம்பாமல் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி மூடியைத் திறந்து, எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே போன் சார்ஜரையோ எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ இணைக்க வேண்டும்.