மாசம் 2 நாள் வலி, வருஷம் 24 நாள் லீவு: எண்டோமெட்ரியோசிஸும் உங்க சம்பளக் கணக்கும்

இன்னைக்கு எஸ்ஐபி, மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் இல்ல. சம்பள ஸ்லிப்ல "லாஸ் ஆஃப் பே"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, அதைப் பத்தித்தான் பேசப் போறோம். ஆண்கள் இது நமக்கில்லைன்னு தாண்டிப் போயிடாதீங்க. உங்க மனைவிக்கோ, தங்கச்சிக்கோ, பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்கோ இந்தக் கணக்கு தேவைப்படலாம்.

முதல்ல என் கதை. முதல் வேலையில என் சம்பளம் 18,000 ரூபாய். மாதவிடாய் வந்தா முதல் 2 நாள் எழுந்து நிற்கவே முடியாது. வீட்ல சொன்னா, "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானேடி, கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு அம்மா சொல்வாங்க. ஆபீஸ்ல சொல்லக் கூச்சம். அதனால ஒரு மாசம் காய்ச்சல், அடுத்த மாசம் ஃபுட் பாய்சன், அதுக்கடுத்த மாசம் பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி லீவு போட்டேன். வருஷக் கடைசியில அப்ரைசல் மீட்டிங்ல, "நீங்க அடிக்கடி லீவு எடுக்கறீங்க, காரணமும் ஒவ்வொரு தடவை ஒண்ணு சொல்றீங்க"ன்னாங்க. பதில் சொல்ல என்கிட்ட ஒரு மருத்துவச் சீட்டுகூட இல்ல. வலியும் எனக்கு, கெட்ட பேரும் எனக்கு, பிடிச்ச சம்பளமும் என்னோடது. அப்புறம்தான் டாக்டரைப் பார்த்தேன், வியாதிக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சது.

எண்டோமெட்ரியோசிஸ்னா என்ன?

கருப்பையோட உள்படலம் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலயோ அடிவயித்துல வேற இடத்துலயோ வளர்றதுதான் இது. கடுமையான மாதவிடாய் வலி, அடிவயித்து வலி, மலம் கழிக்கும்போது வலி, களைப்பு, சிலருக்குக் குழந்தை பிறக்கிறதுல சிக்கல்னு இது பல விதமா வரும். குழந்தை பெறும் வயசுல இருக்கிற பெண்கள்ல சுமார் 10% பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகலாம். சாதாரண ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா வியாதியே இல்லைன்னு அர்த்தமில்ல. முழுசா குணமாக்குற மருந்து இன்னும் வரலை. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டா லேப்ராஸ்கோபி ஆபரேஷன்னு கட்டுப்பாட்டுல வைக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறமும் சிலருக்குத் திரும்ப வரலாம். அதனால ஒரே தடவை செலவு பண்ணி முடிக்கிற விஷயமா இதை நினைக்காதீங்க. வருஷா வருஷம் திட்டம் போடணும்.

பாடம் 1: உங்க வலியை நாள் கணக்கா எழுதுங்க

மாசம் 2 நாள்னா வருஷத்துக்கு 24 நாள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 படி வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோட சிக் லீவும், 12 நாள் வரை கேஷுவல் லீவும் உண்டு. ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு 12 நாள் வருடாந்திர லீவு தனியா வரும். தொழிற்சாலைகளுக்கும் வேற மாநிலங்களுக்கும் விதி வேற, அதனால உங்க ஆஃபர் லெட்டரையும் லீவு பாலிசியையும் எடுத்துப் பாருங்க.

கணக்கு புரியுதா? 12ம் 12ம் 24. வலிக்கே எல்லாம் தீர்ந்துடும். நிஜமாவே காய்ச்சல் வந்தா, தங்கச்சி கல்யாணம் வந்தா, சிக் லீவு, கேஷுவல் லீவு ரெண்டுலயும் ஒரு நாள்கூட இருக்காது. மாசம் 30,000 ரூபாய் சம்பளம்னா ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். 6 நாள் கூடுதலா எடுத்தா 6,000 ரூபாய் போச்சு. அந்த மாச பிஎஃப் தொகையும் குறையலாம்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. 2 நாள்ல ஒரு நாளை வீட்ல இருந்து வேலை செய்யறதா மாத்த முடிஞ்சா, வருஷத்துக்கு 12 நாள் மிச்சம். வலி அதிகமா இருக்கிற நாளைத்தான் லீவா எடுக்கணும், அடுத்த நாள் வீட்ல இருந்து வேலை. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. கடையிலயோ, ஆஸ்பத்திரியிலயோ, லைன்லயோ நிக்கிறவங்க ஷிப்ட் மாத்திக் கேட்கலாம்.

பாடம் 2: பொய்யை நிறுத்துங்க, காகிதத்தைச் சேருங்க

பொய்க்காரணம் சொல்லி எடுக்கிற லீவுக்கு ஆதாரம் கிடையாது. நாளைக்கு ஆபரேஷனுக்கு 3 வாரம் கேட்கும்போது பின்னாடி நிக்க ஒண்ணும் இருக்காது. ஒரு ஃபைல் போடுங்க. டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்து பில், அதோட ஒரு வலி டைரி. தேதி, வலி பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை போட்டீங்க, வேலைக்குப் போனீங்களா இல்லையா, அவ்வளவுதான். 3 மாச டைரி கையில இருந்தா டாக்டருக்கும் உதவும், ஹெச்.ஆர் முன்னாடியும் உதவும். மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கி மாசாமாசம் வலி மாத்திரை போடாதீங்க. வயித்துப் புண் வந்தா அது தனிச் செலவு.

மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது? வியாதியோட பேரை டீம் முழுக்கச் சொல்லத் தேவையில்ல. வலி இல்லாத ஒரு நாள்ல, அமைதியா, மெயில்ல எழுதுங்க: "எனக்கு டாக்டர் கண்காணிப்புல இருக்கிற ஒரு நாள்பட்ட உடல்நிலை இருக்கு. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் வேலை செய்ய முடியாம போகலாம். ஒரு நாள் சிக் லீவும், ஒரு நாள் வீட்ல இருந்து வேலையும் அனுமதிக்கக் கேட்டுக்கிறேன். அந்த நாட்கள்ல என் வேலையை யார் பார்ப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிடறேன். மருத்துவச் சான்று இணைச்சிருக்கேன்." இதுல கெஞ்சலும் இல்ல, சண்டையும் இல்ல. முக்கியமா, எழுத்துல இருக்கு.

மாதவிடாய் விடுப்பு ஒண்ணும் புதுசு இல்ல. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 1992லேயே மாசம் 2 நாள் கொடுத்துடுச்சு. சொமேட்டோ 2020ல வருஷத்துக்கு 10 நாள் வரை அறிவிச்சது. உங்க கம்பெனியில இப்படி ஒண்ணு இருந்தும் உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

பாடம் 3: சம்பளம் 21,000க்குள்ளயா? இஎஸ்ஐயை மறக்காதீங்க

மாசாமாசம் 0.75% பிடிக்கிறாங்க, கம்பெனி 3.25% கட்டுது. "இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு யார் போவா"ன்னு பலர் விட்டுடறாங்க. நானும் விட்டேன். அதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, சிகிச்சை. ரெண்டாவது, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சராசரி தினச் சம்பளத்துல 70% பணம், வருஷத்துக்கு 91 நாள் வரை. இதுக்கு 6 மாச சந்தா காலத்துல குறைஞ்சது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்கணும், இஎஸ்ஐ டாக்டர் சான்று வேணும். பொதுவா முதல் 2 நாளுக்குப் பணம் வராது.

18,000 சம்பளத்துல ஆபரேஷனுக்கு 15 நாள் ஓய்வுன்னு வைங்க. ஒரு நாள் 600, அதுல 70% 420 ரூபாய். 2 நாள் போக 13 நாளுக்கு 5,460 ரூபாய். மாசாமாசம் வர்ற 2 நாள் வலிக்கு இது உதவாது, ஆபரேஷன் ஓய்வுக்கு உதவும். சந்தா காலத்தின் நடுவுல இன்க்ரிமென்ட் வந்து 21,000ஐத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியற வரை இஎஸ்ஐ தொடரும்.

பாடம் 4: இன்சூரன்ஸும் வேலை மாத்தறதும்

கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. தனியா வாங்கற பாலிசிகள் பலதுல எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை அகற்றம் மாதிரியானதுக்கு 2 வருஷக் காத்திருப்பு இருக்கும். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்னு ஐஆர்டிஏஐ 2024ல குறைச்சது. அதனால:

• ஆபரேஷன் தேவைன்னு டாக்டர் சொல்லியாச்சுன்னா, பேப்பர் போடறதுக்கு முன்னாடி யோசிங்க. கடைசி வேலை நாளோட குரூப் கவரும் போயிடலாம்.

• வேலையில இருக்கும்போதே சொந்தமா ஒரு சின்ன பாலிசி எடுங்க. காத்திருப்பு நாள் இன்னைக்கே ஓட ஆரம்பிக்கட்டும்.

• படிவத்துல வியாதியை மறைக்காதீங்க. ஏஜென்ட் "எழுத வேணாம்"னு சொன்னாலும் எழுதுங்க. கிளெய்ம் நிராகரிச்சா ஆஸ்பத்திரி பில் கட்டப் போறது நீங்க, அவர் இல்ல.

பாடம் 5: தனி டப்பா

எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ள இதைக் கலக்காதீங்க. ஒரு தனி ஆர்டி போடுங்க. எவ்வளவு? வருஷத்துல எதிர்பார்க்கிற லாஸ் ஆஃப் பே நாள், அதோட மருந்து, ஸ்கேன், டாக்டர் ஃபீஸ். உதாரணத்துக்கு 6 நாளுக்கு 6,000, மருத்துவச் செலவு 12,000ன்னு வைச்சா மொத்தம் 18,000. மாசம் 1,500. சம்பளம் பிடிச்ச மாசம் கிரெடிட் கார்டைத் தேய்க்காம இந்த டப்பாவைத் திறங்க. பிஎஃப்ல இருந்து வைத்தியத்துக்கு முன்பணம் எடுக்கலாம்தான், ஆனா அது கடைசி வழி.

இந்த வார வீட்டுப்பாடம்

1. கடந்த 6 மாச லீவை எடுத்து, அதுல வலிக்காக எடுத்தது எத்தனை நாள்னு குறிங்க.
2. லீவு பாலிசியையும் குரூப் இன்சூரன்ஸ் அட்டையையும் போன்ல சேமிங்க.
3. மகப்பேறு மருத்துவர்கிட்ட ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க.

மூணாவதை முதல்ல பண்ணுங்க. எங்க அம்மா இப்போ யாராவது "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொன்னா, "முதல்ல டாக்டரைப் பாருங்கம்மா"ன்னு அவங்களே சொல்றாங்க. அதைச் சொல்ல எங்க வீட்ல 7 வருஷம் ஆச்சு. உங்க வீட்ல அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

கணக்கை ஒவ்வொரு வரியா போட்டுக் காட்டுற வீடியோ சேனல்ல இருக்கு. அடுத்த பதிவுல பார்ப்போம், உடம்பைப் பார்த்துக்கோங்க.